கூடைக்கு வந்த ஆட்சேபணை

அவளுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். பெயர் கூடை, வயது பதினொன்று. கை கால் கிடையாது, மூக்கு முழி கிடையாது. ஆனால் நேரங்காலம் பார்க்காமல் கணவரைக் கூப்பிடுவாள், கூப்பிட்ட குரலுக்கு அவரும் எழுந்து ஓடுவார். கல்யாணத்துக்கு முந்திய பழக்கம் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், இவள் கண்ணெதிரே, இதே சாப்பாட்டு மேசையில் பிறந்தவள் அவள்.

கூடை என்பது ஒரு நிரல். 'இழை' என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. அதில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். தேதி கணக்குப் பார்க்க ஒருவர் எழுதியது, படத்தைச் சுருக்க இன்னொருவர் எழுதியது என்று யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த பொதிகளை இறக்கித் தங்கள் கணினியில் பொருத்திக்கொள்வார்கள். அப்படி இறக்கிப் பொருத்தித் தருவதுதான் கூடையின் வேலை. இதில் ஒரு கோளாறு. இழையை இறக்கினால் கூடை கூடவே வராது. அதைத் தனியாகத் தேடிப் பிடித்து நிறுவ வேண்டும். பொதியை நிறுவக் கூடை வேண்டும் சரி, கூடையை நிறுவ என்ன வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகக் கணவர் எழுதிவைத்திருந்த குறிப்பு பதினேழு படி நீளம். வகுப்பெடுக்கிறவர்கள் முதல் நாள் முழுக்க அந்தப் பதினேழு படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அவரைத் திட்டிக் கடிதம் எழுதுவார்கள்.

கூடையை இழையோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மொழியை இறக்கியவனுக்குக் கூடையும் கையில் இருக்கும். கணவருக்குப் பதினொரு வருஷமாக இது ஒன்றுதான் கனவு. பகலில் ஒரு மருந்துக் கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசு முழுக்க இங்கேதான்.

போன வருஷம் அவள் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் கணினி.

"முழிச்சிட்டியா? ரெண்டே நிமிஷம். இதை மட்டும் ஏத்திட்டு வந்துடறேன்" என்றார்.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அந்த இரண்டு நிமிஷம் நாற்பத்தாறு நிமிஷம் ஓடியது. தண்ணீர் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

வீடு திரும்பி அவள் சண்டை போடவில்லை. பத்து நாள் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். பதினோராம் நாள் காலையில் அவராகவே இறங்கி வந்தார்.

"இந்தத் தடவை இழையோட சேர்க்கச் சொல்லிக் கேக்கப் போறோம். சேர்த்துட்டா, நான் செத்தாலும் அது நிக்கும். சேர்க்கலைன்னா விட்டுடறேன். தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டு எழுந்து வந்துடறேன். சத்தியமா."

"சேர்த்துட்டா?"

"சேர்த்துட்டா கொஞ்சம் வேலை கூடும். கொஞ்ச நாள்தான்."

அந்தக் 'கொஞ்ச நாள்' எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இழையின் புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் கூடை தயாராக வேண்டும். இதுவரை தேடி வந்தவன் மட்டும்தான் கரித்துக்கொட்டினான். இனி தேடாதவன் கணினியிலும் கூடை போய் உட்காரும், அவனும் கரித்துக்கொட்டுவான். சேர்த்தால் கணவர் போனார். சேர்க்காவிட்டால் கணவர் அவளுக்கு. கணக்கு அவ்வளவு சுலபமானது.

தம்பி என்று அவர் சொன்னது கூடப்பிறந்தவனை அல்ல. கூடையில் எட்டு வருஷமாகக் கூட வேலை பார்க்கிற கூட்டாளியை. வேறொரு ஊரில் தனியாக இருந்தான். இவரை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். பதற்றப்பட்டால் அவனுக்கு வாய் திக்கும். அதனால் யாரோடும் பேசமாட்டான், எழுதித்தான் அனுப்புவான். இவரோடு மட்டும் ஞாயிறு காலையில் போனில் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் கூடைக்கு வந்த புகாரில் முக்கால்வாசியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவன் அவன்தான். தினமும் அவளுக்கு ஒரு வரி அனுப்புவான். "அண்ணி, இன்னைக்கு எழுந்து நடந்தீங்களா?" அதைக் கேட்கவேண்டிய ஆள் கேட்கவில்லை, இவன் கேட்டான்.

இழையை நடத்துவது ஏழு பேர் கொண்ட ஒரு குழு. கூட்டாளி அதில் ஒருவன். கணவர் இல்லை. அவரைச் சேர்த்தால் மற்ற ஆறு பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்று குழுத் தலைவி ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தது மட்டும்தான் விளையாட்டு. குழுவுக்குச் செயலாளர் அவள். ஓட்டு கிடையாது, உறுப்பினர் கிடையாது. நகரப் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை நிரல்களை இழையில் எழுதுகிறவள் என்பதாலும், எழுதும் குறிப்பில் ஒரு பிசிறு இருக்காது என்பதாலும் நாலு வருஷத்துக்கு முன்பு அந்த வேலையை அவளிடம் தள்ளிவிட்டார்கள்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோரிக்கை வந்தால் ஏழு நாள் வைத்திருப்பார்கள். ஏழாம் நாள் மாலை ஐந்து மணிவரை யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அது நிறைவேறியது. உறுப்பினர் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் போதும், அந்த வருஷத்துக்கு அந்தப் பேச்சு முடிந்தது. ஆட்சேபணை செயலாளருக்கு மட்டும்தான் வரும். காரணத்தை அவள் எல்லாருக்கும் தெரிவிப்பாள், பெயரைத் தெரிவிக்கமாட்டாள். கேட்டாலும் சொல்லக்கூடாது. இந்த வழக்கம் வந்ததற்கே கணவர்தான் காரணம். ஆறு வருஷத்துக்கு முன்பு கூடைக்கு ஆட்சேபணை சொன்ன ஒரு உறுப்பினரை அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்டு எழுதிய கடிதங்களில், அந்த மனுஷர் கணினித் தொழிலையே விட்டுவிட்டு மீன் தொட்டி விற்கப் போய்விட்டார். அதன் பிறகு யார் பெயரும் வெளியே வருவதில்லை.

கோரிக்கையைக் கூட்டாளிதான் எழுதினான். அழகாக எழுதியிருந்தான். முதல் நாள் ஞாயிறு. வழக்கம்போலக் கணவர் போனை ஒலிபெருக்கியில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாலடி தள்ளி அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒ… ஒண்ணு பார்த்தேன். கூடை தன்னைத்தானே புதுப்பிச்சுக்கும்போது முதல்ல பழசை அழிச்சிடுது. அப்புறம்தான் புதுசை இறக்குது. நடுவுல நெட் போச்சுன்னா?"

"போச்சுன்னா என்ன?"

"பழசும் இருக்காது, புதுசும் இருக்காது. மறுபடி நிறுவணும்னா கூடை வேணும். அதான் இல்லையே."

கணவர் நகத்தைக் கடித்துத் துப்பினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே. ஆனா நாமளே சொல்லிடலாமே. சரிபண்ணிட்டு அடுத்த வருஷம் கேட்டா என்ன?"

"உனக்கென்ன மூளை கழண்டுடுச்சா? ஏழு நாள் முடியட்டும். முடிஞ்சதும் சத்தமில்லாம சரிபண்ணிடலாம். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது. நீயும் நானும்தான், மூணாவது ஆளுக்குத் தெரியக்கூடாது."

மூணாவது ஆள் வெங்காயத்தை நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவி வைத்தாள். பதினொரு வருஷத்தில் அவள் காதும் ஒரு காது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

திங்கள், செவ்வாய், புதன் போயின. ஆறு உறுப்பினர்களும் ஒவ்வொருவராக அவளுக்கு மட்டும் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார்கள். ஏழாமவன் கூட்டாளி. அவனும் எழுதினான். தினமும் கணவர் அவளிடம் வந்து நிற்பார்.

"ஏதாவது வந்துதா?"

"ஒண்ணும் வரலை."

"வராது. எப்படி வரும்?" என்று தொடையில் தட்டிக்கொண்டு போவார். வியாழக்கிழமை அவளைத் தேநீர் போடவிடாமல் தானே போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். இருந்தாலும் அவள் குடித்தாள். பதினொரு வருஷத்தில் அவர் போட்ட முதல் தேநீர் அது. ஒரு நிமிஷம் அவள் மனசுகூட இளகிவிட்டது. போகட்டும், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை, அதாவது ஏழாம் நாள், அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன அளக்கறீங்க?"

"கணினிக்கு இனிமே ரெண்டு திரை வேணும். ஒரு மேசையும் போடணும். சாப்பாட்டு மேசை பத்தாது. கட்டிலை அந்தச் சுவரோட ஒட்டித் தள்ளிட்டா சரியா இருக்கும்."

"அந்தப் பக்கம் நான் எப்படி இறங்கறது?"

"கால்மாட்டு வழியா இறங்கிக்கோ" என்றார், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வயிற்றில் தையல் போட்ட இடம் குனிந்தால் இன்னும் இழுக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. கைப்பையை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனாள். சனிக்கிழமை அரை நாள் வேலை.

மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் போன பிறகும் அவள் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே பணிமனையில் பேருந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் குழுவுக்கான அறிவிப்பைத் திறந்து வைத்தாள். 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை, கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. அவள் எழுதியது வேறு. 'உறுப்பினர் ஒருவரிடமிருந்து ஆட்சேபணை ஒன்று வந்துள்ளது.'

அடுத்து காரணம் வேண்டும். காரணம் இல்லாத ஆட்சேபணை செல்லாது. அதுவும் தொழில்நுட்பக் காரணமாக இருக்க வேண்டும். 'என் புருஷன் எனக்கு வேண்டும்' என்பது தொழில்நுட்பக் காரணம் ஆகாது. உப்புச்சப்பில்லாமல் எதையாவது எழுதினால் தலைவி துருவித் துருவிக் கேட்பார். யாரும் வாயைத் திறக்க முடியாத காரணமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். கூடை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது பழைய பிரதியை முதலில் அழித்துவிடுகிறது, இடையில் இணைப்பு அறுந்தால் பயனரிடம் எதுவும் மிஞ்சாது. எழுதினாள். இது இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம், இரண்டு பேரில் குழுவில் இருப்பவன் ஒருவன்தான் என்று அவளுக்கு உறைத்ததா? உறைத்தது. உறைக்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் உறைத்தது, இரண்டு விநாடி விரலும் நின்றது, பிறகு அனுப்பிவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வந்தது என்று சொன்னது மட்டும்தான் பொய்.

அவள் வீடு திரும்பியபோது கட்டில் சுவரோடு ஒட்டித் தள்ளப்பட்டிருந்தது. கணவர் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"யார்?" என்றார்.

"விதி தெரியும்ல உங்களுக்கு."

"நான் உன் புருஷன்."

"அதுக்கு விதியில விலக்கு இல்லைங்க."

அவர் எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். பிறகு தனக்குள்ளேயே கணக்குப் போட்டார். கணக்கில் கெட்டிக்காரர்தான். "இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். நான் எழுதலை." இதைச் சொல்லும்போது அவர் குரல் அழுகிறமாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. 'இல்லை, தம்பி இல்லை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் இல்லை என்றால் யார் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் போனை எடுத்து மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். பழக்கதோஷம்.

"அண்ணே, பார்த்தீங்களா? யாருண்ணே அது?" கூட்டாளி பதறிக்கொண்டிருந்தான்.

"என்னைக் கேக்கறியா? கண்ணாடி இருக்கா வீட்ல? போய்ப் பாரு."

"அண்ணே?"

"சொல்லிடலாம் சொல்லிடலாம்னு அன்னைக்கே குதிச்சியே. சொல்லிட்ட. எட்டு வருஷம் கூடவே இருந்து கழுத்தை அறுத்துட்ட."

"ந… ந… ந…"

"என்னடா ந… ந… ந…?" கணவர் அப்படியே அவனைப் போலத் திக்கிக் காட்டினார். "நான் இல்லைன்னு சொல்லவே இவ்வளவு நேரமா? பொய் சொல்றவனுக்குத்தான்டா வாய் குழறும். ஒரு வரி உருப்படியா பேசத் தெரியாத உன்னை ஆளாக்கினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். சொல்லு. ந… ந… நல்லா சொல்லு, கேக்கறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் வந்தது. ஒரு சொல்லைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவரப் பார்க்கிற மூச்சு. கணவர் ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருந்தார். பெருந்தன்மையால் இல்லை, அந்தத் தவிப்பைக் கேட்கிற ருசிக்காக. பிறகு போனை வைத்தார்.

அவள் அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். இந்தத் தடவை கையில் வெங்காயம்கூட இல்லை.

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தில் அவளுக்கே போன் வந்தது. கூட்டாளி. எட்டு வருஷத்தில் அவன் அவளை அழைத்துப் பேசியதே இல்லை, எழுதியதோடு சரி. அவள் வராந்தாவுக்கு எழுந்து போனாள்.

"அண்ணி. எ… எழுதி வச்சுக்கிட்டுதான் பேசறேன். குறுக்கே பேசாதீங்க, விட்டுப்போயிடும்." காகிதம் சரசரத்தது. "ஆட்சேபணை நான் அனுப்பலை. அனுப்பலைன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தானே வரும். யார் அனுப்பினாங்கன்னு நான் கேக்கலை. நான் இல்லைன்னு மட்டும் அண்ணன்கிட்ட சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் நம்பமாட்டார். நீங்க சொன்னா நம்புவார். அவ்வளவுதான் அண்ணி."

அவள் வராந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை. 'அவன் இல்லைங்க' என்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கணவர் மறுபடி கணக்குப் போடுவார். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவனும் இல்லை. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றது யார் என்று யோசிக்க எவ்வளவு நேரமாகும்.

"தம்பி, யார்னும் சொல்லக்கூடாது, யார் இல்லைன்னும் சொல்லக்கூடாது" என்றாள். "ஒருத்தரை இல்லைன்னு சொன்னா மீதி ஆறு பேர் மேல சந்தேகம் வரும். விதி அப்படி."

"விதியா?"

"ஆமாம்."

கீழே ஒரு பேருந்து பின்னால் நகர்ந்து சுவரோரம் நின்றது. அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவன் யோசித்ததை அவளால் போனிலேயே கேட்க முடிந்தது. ஞாயிறு காலை, ஒலிபெருக்கி, பலகையில் கத்தி விழுகிற சத்தம். அவனுக்கும் காது இருக்கிறதே.

"உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்றான் கடைசியில். ஒரு திக்கல் இல்லை.

"பரவாயில்லை."

"சரிங்க" என்று வைத்துவிட்டான். அண்ணி என்று சொல்லவில்லை. குறுகிய வாக்கியம்தான், அதில் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. இருந்தும் அன்று சாயங்காலம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் காட்டிக்கொடுக்கமாட்டான் என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அப்புறம்தான் வந்தது, அதுவும் கொஞ்சமாக.

புதன்கிழமை கூட்டாளி குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தான். சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தான். கணவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். "குத்தமுள்ள நெஞ்சு. வேற என்ன ஆதாரம் வேணும்?" என்றார். தலைவி அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார். ஆட்சேபித்தவர் யாராக இருந்தாலும் நல்ல காரியம் செய்தார், இழை சொல்லித்தருகிற பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அந்தக் குறையோடு போயிருந்தால் மானம் போயிருக்கும், செயலாளர் எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்தியதற்கு நன்றி. அவள் வழக்கம்போலப் பிசிறில்லாமல் பதில் எழுதினாள்.

இனி அவள் காத்திருக்கவேண்டியது ஒன்றுக்குத்தான். சேர்க்கவில்லை. ஆகவே விட்டுவிட வேண்டும். சொன்ன சொல் இருக்கிறது, சத்தியம் இருக்கிறது. ஆனால் தம்பியிடம் ஒப்படைப்பேன் என்றல்லவா சொன்னார்? அந்தத் தம்பி இப்போது இல்லை. இது அவளுக்குத் தாமதமாகத்தான் தட்டியது. வியாழன் மதியம் ஒரு பேருந்து அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தபோது தட்டியது, கை அப்படியே நின்றுவிட்டது. வேறு ஆளைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இன்னும் பதினொரு வருஷம் ஓட்டிவிடுவார். அடிப்பாவி, உன் கையாலேயே அவரை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்படி நடந்திருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை அவர் குளித்து, நல்ல சட்டை போட்டு, சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். கணினி மூடியிருந்தது. அவர் முகத்தில் இப்படி ஒரு தெளிவைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"சேர்க்கலைன்னா விட்டுடறேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"விட்டுட்டேன்."

அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். அவரும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாரமா தூக்கமில்லை. யார்கிட்ட கொடுக்கறதுன்னு. யாரை நம்பறது சொல்லு? எட்டு வருஷம் பழகினவனே இப்படிப் பண்ணிட்டான். அப்புறம்தான் புத்தி வந்தது. அவ்வளவு கேட்டும் ஒரு பேர் வந்துதா உன் வாயிலேர்ந்து? புருஷன்னுகூடப் பார்க்கலை. அன்னைக்கு எனக்குக் கோபம்தான். ஆனா இந்த மாதிரி ஆள்கிட்டதானே ஒரு பொருளை ஒப்படைக்கணும்." கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "காலையில உன் பேருக்கு மாத்திட்டேன். கூடை இனிமே உன்னோடது."

"எனக்கு… நான் குழுவுக்குச் செயலாளர். கூடாதுங்க."

"தலைவிகிட்ட பேசிட்டேன். செயலாளரா வேற ஆள் போட்டுக்கறாங்களாம். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க, இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாதுன்னாங்க."

"எனக்கு வேண்டாங்க. எனக்கு இது வேண்டாம்."

"அதான். வேணும்னு அலையறவன் கையில கொடுத்துதான் இந்தக் கதி. வேண்டாம்னு இருக்கறவதான் நேர்மையா பார்த்துப்பா." அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யே இல்லாத கலக்கம். "பதினோரு வருஷம் உன்னைத் தனியா விட்டுட்டேன். இனி அப்படி இல்லை. நான் பக்கத்துலயே உட்கார்ந்து சொல்லித் தரேன். தினமும். எங்கயும் போகமாட்டேன்."

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். சோப்பு வாசனை அடித்தது. அவள் இத்தனை வருஷம் ஏங்கியது இந்தத் தோளுக்குத்தான். இப்போது அது வந்துவிட்டது, எழுந்து ஓடக்கூட இடமில்லாமல் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திரையில் ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று புகார்கள் அவள் பெயருக்குக் கீழே வரிசையாக நின்றன.

"முதல்ல ஒரு வேலை" என்றார். "கூடைக்குள்ள நுழையற சாவி அவன்கிட்ட இன்னும் இருக்கு. அதைப் பிடுங்கணும். உரிமையாளர்தான் செய்ய முடியும், இப்ப நான் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தைத் திற. ம், அதுதான்."

கூட்டாளியின் பெயர் இருந்தது. எட்டு வருஷம், நாலாயிரத்துச் சொச்சம் திருத்தங்கள். அவள் சுட்டியை அதன் மேல் வைத்தாள். நீக்கு என்பதை அழுத்தினாள். ஒரு கட்டம் திறந்தது. நீக்குவதற்கான காரணத்தை எழுதவும், இது நீக்கப்படுபவருக்கு அனுப்பப்படும்.

"நம்பிக்கைத் துரோகம்னு போடு" என்றார் கணவர்.

"வேற ஏதாவது… சொந்தக் காரணம்னு போடலாமே."

"எதுக்குப் பூசி மெழுகணும்? நீ நேர்மையான ஆள். உள்ளதை எழுது."

அவள் விரல்கள் அந்த இரண்டு சொற்களையும் அடித்தன. அவர் குனிந்து ஒருமுறை சரிபார்த்தார். பிழை இல்லை.

"கீழே உன் பேரு போடணும்" என்றார்.

போட்டாள். கடிதம் போய்விட்டது என்று திரை சொன்னது. கணவர் அவள் தோளில் கையைப் போட்டு, லேசாக ஒருமுறை அழுத்திவிட்டு, "அடுத்ததைத் திற" என்றார்.